நிறுத்த வேண்டியது நீச்சலை அல்ல, பட்ஸை

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. நீச்சல் வகுப்பில் சேர்த்த இரண்டே மாதத்தில் மூன்று முறை காது வலி வந்துவிட்டது. நீந்தி முடித்ததும் நானே பட்ஸ் விட்டு ஈரம் போகத் துடைத்துவிடுகிறேன், அப்படியும் வருகிறது. இந்த முறை வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்தை விட்டேன், குறையவில்லை. நீச்சலை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், பட்ஸை நிறுத்துங்கள். "அப்படியும் வருகிறது" என்கிறீர்கள், அதனால்தான் வருகிறது என்று நினைக்கிறேன். உங்கள் மேல் தப்பில்லை, ஈரத்தைத் துடைக்க வேண்டும் என்றுதான் எந்த அம்மாவுக்கும் தோன்றும்.

காதுக் குழாயின் தோல் ரொம்ப மெல்லியது. அழுக்கு என்று நாம் வழித்துப் போடும் குறும்பிதான் அதற்குக் காவல், மெழுகு மாதிரிப் படிந்து தண்ணீரை ஒட்டவிடாது, லேசான அமிலத்தன்மை இருப்பதால் கிருமியையும் எளிதில் வளரவிடாது. தண்ணீர் தேங்கினால் அந்தத் தோல் ஊறிப்போகும், வெகுநேரம் ஈரத்தில் இருந்த பாதம் வெளுத்து மெத்தென்று ஆகுமே, அப்படி. அந்த நேரம் பார்த்துக் குச்சியை விட்டுத் திருகினால் பாதிக் குறும்பி வழிந்து வந்துவிடும், மீதி உள்ளே போய் அடைத்துக்கொள்ளும், அதன் பின்னால் தண்ணீர் சிக்கும், கண்ணுக்குத் தெரியாத கீறலும் விழும். ஈரத்தில் செழிக்கும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்?

காது மடலை மெதுவாக இழுத்துப் பாருங்கள், அல்லது காது ஓட்டைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சிறு குருத்தெலும்பை அழுத்துங்கள். சுரீரென்று வலித்தால் பெரும்பாலும் இந்த வெளிக்காதுத் தொற்றுதான். சளி, காய்ச்சலோடு வந்து, இழுத்தால் வலி கூடாமல் இருந்தால் செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதைச் சந்தேகிக்க வேண்டும், அதற்கு வைத்தியம் வேறு.

எதுவானாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில சொட்டு மருந்துகள் கேட்கும் திறனையே பாதிக்கும். பூஞ்சைத் தொற்றாக இருந்தால் ஆன்டிபயாடிக் சொட்டு அதை இன்னும் வளர்த்துவிடும். உங்கள் பழைய மருந்து கேட்காததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். எண்ணெயும் விடாதீர்கள். வெளிக்காதுத் தொற்று என்றால் பொதுவாகச் சொட்டு மருந்தே போதும், மாத்திரை அவ்வளவாகத் தேவைப்படாது. பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள், சில்லென்று விட்டால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுக்க வைத்து மருந்தை விட்டபின் அந்தக் குருத்தெலும்பை நாலைந்து தடவை அழுத்திவிட்டு 5 நிமிடம் அப்படியே இருக்கட்டும். இரண்டு மூன்று நாளில் வலி தணியும், அதற்காகப் பாதியில் விட்டுவிடாதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால், எடைக்கு ஏற்ற அளவில். 7 முதல் 10 நாள் வரை நீச்சல் கூடாது, தலைக்குக் குளிக்கும்போதும் காதில் தண்ணீர் போகக் கூடாது.

ஆறிய பிறகு வகுப்புக்குப் போகட்டும். கரையேறியதும் தலையை ஒரு பக்கம் சாய்த்து மடலை அப்படியும் இப்படியும் இழுத்துவிட்டால் தண்ணீர் தானாக வழிந்துவிடும், அப்புறம் துண்டால் வெளியே மட்டும் ஒற்றி எடுத்தால் போதும். அப்படியும் ஈரம் நிற்பதாகச் சொன்னால் ஹேர் டிரையரை மிகக் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். நீச்சலுக்கான காது அடைப்பான் நல்லது, பஞ்சு வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும். காதை உலர்த்தும் சொட்டுகளும் கிடைக்கின்றன, ஆனால் செவிப்பறை முழுதாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அதெல்லாம்.

காய்ச்சல், காதுக்குப் பின்னால் வீக்கம், சீழ், மடலே சிவந்து வீங்குவது, இதில் எது இருந்தாலும் அன்றே போக வேண்டும். வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் யாருக்காவது இந்த வலி வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள், அவர்களுக்கு இது எலும்பு வரை இறங்கக்கூடும். மகளைக் கூட்டிப் போகும்போது அந்தப் பழைய சொட்டு மருந்தையும் கையோடு எடுத்துப் போங்கள், எதை எத்தனை நாள் விட்டீர்கள் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.