வெப்பக் கவசமும் நுண்துளைகளும் (வாசகர் கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயா,

பூமிக்குத் திரும்பும் விண்கலங்களைச் சூட்டிலிருந்து காக்கும் வெப்பக் கவசம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஐந்து மீட்டர் அகலக் கவசத்தை அறிய, அதன் கடுகளவுத் துண்டை எக்ஸ் கதிரில் படமெடுப்பது ஏன்? நெருப்பில் வைத்துச் சோதித்தால் போதாதா?

கே.

அன்புள்ள கே.,

நெருப்புச் சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் கவசம் தாங்கியதா என்பதைத்தான் அது சொல்லும். தாங்கியதன் காரணம் பொருளின் நுண்துளைகளுக்குள் இருக்கிறது.

2006 ஜனவரியில் வால்நட்சத்திரத் தூசியுடன் விநாடிக்கு 12.9 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிய ஸ்டார்டஸ்ட் கலத்தைக் காத்தது 'பிகா' என்னும் பொருள். சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கார்பன் இழைகளின் பின்னலில் பீனாலிக் பிசினை ஊறவைத்து அதைச் செய்கிறார்கள். அதன் கன அளவில் பெரும்பகுதி வெறும் இடைவெளியே. சூட்டில் பிசின் சிதைந்து வாயுவாகி, மேலே எஞ்சும் கரி அடுக்கின் வழியே வெளியேறும்போது, வெப்பத்தையும் தன்னோடு கொண்டுபோகிறது. எதிர்த்திசையில் ஆக்சிஜன் உள்ளே வருகிறது. வெப்பம் மிக அதிகமானால் ஆக்சிஜன் மேற்பரப்பிலேயே செலவாகிவிடும். சற்றுக் குறைந்தால் ஆழத்துக்குப் போய், வெளித்தோற்றம் அதிகம் மாறாதபோதே உள்ளிழைகளை அரித்து மெலியச் செய்துவிடும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி மேற்பரப்பை மட்டுமே காட்டுகிறது. உள்ளே பார்க்க அறுத்தால் கரி நொறுங்குகிறது. ஆகவே நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தினர், பெர்க்லியிலுள்ள சிங்க்ரோட்ரான் கூடத்தில் (மிகச் செறிவான எக்ஸ் கதிர்களைத் தரும் பெரிய கருவி அது), மருத்துவமனை சி.டி. ஸ்கேனைப் போலப் பல கோணங்களில் எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கட்டமைக்கிறார்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றியபடியே படமெடுக்கவும் அங்கே வழி செய்திருக்கிறார்கள். அந்த உருவத்தை 'பூமா' என்ற மென்பொருளில் இட்டு, வெப்பம் எவ்வளவு கடக்கும், வாயு எவ்வளவு எளிதாக ஊடுருவும் என்று கணக்கிடுகிறார்கள். என் பார்வையில் இந்தக் கடைசிக் கணக்குதான் முதன்மையானது.

ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2022இல் நிலவைச் சுற்றித் திரும்பிய ஆர்ட்டெமிஸ்-1 பயணத்தில், ஓரியன் கலத்தின் 'அவ்கோட்' என்ற பொருளாலான கவசத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரி துண்டுதுண்டாகப் பெயர்ந்தது. அதற்கான காரணத்தை நாசா 2024 டிசம்பரில் அறிவித்தது. வளிமண்டலத்துக்குள் புகுந்து, எழுந்து, மீண்டும் புகுந்த அந்தப் பாதையின் இடைவேளையில் மேற்பரப்பின் சூடு தணிந்ததால் கரி உருவாவது மந்தமானது. உள்ளே வாயு உருவாவதோ நிற்கவில்லை. அது வெளியேற வழியின்றி அழுத்தம் கூடி விரிசல் விழுந்தது. தரையில் நடந்த முந்தைய சோதனைகளில் சூடு இதைவிடக் கடுமையாக இருந்ததால், வாயுவுக்கு வழிவிடும் கரி உருவாகி, இந்தக் குறை மறைந்தே இருந்தது. விண்ணுக்குச் சென்ற அதே கவசத்தில் வாயு ஊடுருவக்கூடியதாக அமைந்திருந்த பகுதிகளில் விரிசல் விழவில்லை.