தடுப்பூசி முடியும்வரை குட்டியை வெளியே காட்டக் கூடாதா?

கேள்வி: கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். ‘45 நாள் குட்டி’ என்று சொல்லித் தரகர் ஒருவர் லாப்ரடார் வாங்கித் தந்து இரண்டு வாரம் ஆகிறது. அவர் ஓர் ஊசி போட்டதாகச் சொன்னார். எங்கள் மருத்துவர் நான்கு நாள்களுக்கு முன் ஒன்று போட்டார். எல்லா ஊசியும் முடியும்வரை வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறார். பயிற்சியாளர் ஒருவரோ 21 நாள் தன்னிடம் விட்டால் எல்லோரிடமும் பழக்கித் தருவதாகச் சொல்கிறார். மிக்ஸி ஓடினாலே குட்டி கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறது. என்ன செய்வது?

பதில்: இன்னும் மூன்று நாள் பொறுத்து, குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள், தெருத் தரையில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

உங்கள் மருத்துவர் அஞ்சுவது பார்வோ வைரஸை. நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறி, நிழலான மண்ணில் மாதக்கணக்கில் கிடந்து, ரத்தக் கழிச்சலில் குட்டியைச் சில நாள்களில் கொன்றுவிடக்கூடியது அது என்பதால், அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசி மருந்தை முறியடித்துவிடக்கூடும் என்பதால்தான் 16 வாரம்வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறோம். குட்டி புதிய மனிதர்களையும் ஓசைகளையும் அச்சமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவமோ மூன்றாவது வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. முதல் ஊசி போட்டு ஏழு நாள் ஆன குட்டியைப் பழக்கத் தொடங்கலாம் என்பது அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது. நம் தடுப்பூசி அட்டையிலோ அடுத்த ஊசிக்குத் தேதி எழுத இடமிருக்கிறதே தவிர, இதைச் சொல்ல ஒரு வரி கிடையாது. வாசலில் இருபது பேர் காத்திருக்கையில் ‘வெளியே விடாதீர்கள்’ என்று சொல்லி அனுப்புவதுதான் எங்களுக்கும் எளிது.

தினமும் பத்து நிமிடம், குடியிருப்பு வாயிலில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றும் தாத்தா, பள்ளி வேன், குப்பை வண்டி எல்லாம் தூரத்தில் கடந்துபோகட்டும். ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் அவித்த கோழியில் ஒரு துணுக்குக் கொடுங்கள். குட்டி தின்ன மறுத்தால் பயந்துவிட்டது என்று பொருள். இன்னும் தள்ளிப் போய்விடுங்கள். கைக்குக் கை மாற்றிக் கொஞ்சவிடுவது பழக்குவதாகாது. மிக்ஸியை மூடிய கதவுக்குப் பின்னால் இரண்டு நொடி ஓட்டி அதே துணுக்கைக் கொடுத்து, நாள்போக்கில் கதவைத் திறந்துவையுங்கள். ஊசியெல்லாம் முறையாகப் போட்ட, சாதுவான உறவினர் வீட்டு நாயோடு அவர்கள் வீட்டுக்குள் விளையாடவும் விடலாம்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. கடந்த ஓராண்டுக்குள் பார்வோ கண்ட நாய் இருந்த வீட்டுக்குக் குட்டியைக் கொண்டுபோகவே கூடாது. ‘பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம்’ என்பார்கள். பினாயிலுக்கு இந்த வைரஸ் சாகாது. அழுக்கை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்தெடுத்து, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு நீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்ட பிறகுதான் கழுவ வேண்டும். அப்படிச் செய்தாலும் சிமென்ட் தரைதான் சுத்தமாகும்; தோட்டத்து மண்ணையும் மெத்தையையும் அந்த முறையில் காப்பாற்ற முடியாது. அந்த வீட்டார் உங்கள் வீட்டுக்கு வந்தாலும் செருப்பு வாசலோடு நிற்கட்டும்.

இனி உங்கள் தரகர். எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்லியும், ‘45 நாள் குட்டி’ என்பதே இன்றும் சந்தைப் பேச்சாக இருக்கிறது, கேட்பாரில்லை. அந்த 45கூடப் பல நேரம் 35தான். குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள்: எட்டு வாரத்தில் 28 பால்பற்களும் இருக்க வேண்டும். கடைவாயில் இன்னும் வெறும் ஈறாக இருந்தால் வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். அவர் போட்டதாகச் சொல்லும் ஊசிக்கு, மருந்துக் குப்பியிலிருந்து உரித்த லேபிளும் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் அட்டையில் இல்லையென்றால், அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மேலே சொன்ன மூன்று நாளை உங்கள் மருத்துவர் போட்ட ஊசியிலிருந்து எண்ணித்தான் சொன்னேன்.

அந்தப் பயிற்சியாளரிடம் குட்டியை விடாதீர்கள். ஊசி முடியாத குட்டியை, எங்கெங்கிருந்தோ வந்த நாய்களோடு ஒரே தரையில் 21 நாள் அடைத்துவைப்பதைவிட பார்வோவுக்கு வசதியான ஏற்பாடு வேறில்லை. அடி வாங்கி அடங்கிய குட்டியைத்தான் ‘நன்றாகப் பழகிவிட்டது’ என்று சொல்லித் தருகிறார்களா என்பதும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. முன்பணம் கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.