வேண்டாம் என்று சொல்ல ஒரு அட்டை

அன்புள்ள அக்கா,

நான் சிறப்பாசிரியர். என் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள், 9 வயதிலிருந்து 14 வரை, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு என்று கலந்து இருப்பார்கள். வருடா வருடம் பாதிப் பேர் மாறுவார்கள். போன கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து 40 வேலைப் பெட்டிகள் செய்தேன். நிறம் பிரிப்பது, குட்டிக் கரடி பொம்மைகளை எண்ணி வைப்பது, படத்தை அதன் நிழலோடு பொருத்துவது, இப்படி. லேமினேட் செய்த விலங்குப் படங்கள் மட்டும் 60 இருக்கும். ஆண்டு முடிவில் பார்த்தால் 11 பெட்டிதான் பிள்ளைகள் கையில் நிலைத்தது. ஒரு பையன் பெட்டியை முன்னால் வைத்தாலே தூக்கி எறிகிறான். ஒரு பெண் பெட்டிக்குள் எல்லாவற்றையும் சரியாகப் பொருத்துகிறாள், அதே ஸ்பூனையும் டம்ளரையும் மேசையில் வைத்துக் கேட்டால் விழிக்கிறாள். இரண்டு பேரும் வரும் ஆண்டும் என் வகுப்புதான். உடன் வேலை செய்பவர்கள், லீவை ஏன் இப்படி வெட்டி ஒட்டி வீணாக்குகிறாய் என்கிறார்கள். இந்தக் கோடையில் கத்திரிக்கோலை எடுக்கவே கை வரவில்லை. சுவருக்காவது புதிதாக அலங்காரம் செய்யலாமா என்று யோசிக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

11 பெட்டிதான் நிலைத்தது என்று வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். புதிதாக வரும் பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே செய்த பொருட்களில் 11 பொருந்தியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது. மீதி 29 யாருக்கு என்று தெரிவதற்கு முன்பே முடிந்துவிட்டன, அவ்வளவுதான். அதனால் இந்தக் கோடையில் எதையும் முழுதாக முடிக்காதீர்கள். டப்பாக்கள், தட்டுகள், வெல்க்ரோ ஒட்டிய வெற்றுப் பட்டைகள், படம் இல்லாத அட்டவணைப் பலகை, இதெல்லாம் தயாராக இருக்கட்டும். உள்ளே என்ன போகிறது என்பதை வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் பிள்ளைகளைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அந்த இரண்டு வாரத்துக்குத் தேவையானது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அந்த 11 பெட்டி.

அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். நான் வகுப்பில் இருந்த காலத்தில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி, டம்ளர் என்று சொன்னால் மூன்று அட்டைகளில் டம்ளர் படத்தை எடுத்துக் கொடுப்பாள். மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை, நானும் குறிப்பேட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். அப்புறம் ஒருநாள் அந்த அட்டை பிய்ந்துபோனது. அதே படத்தை மறுபடி பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து வைத்தேன். அவளுக்கு எடுக்கத் தெரியவில்லை. மூன்றையும் மாற்றி மாற்றித் தொடுகிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடி தொடுகிறாள். பழைய அட்டையைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வந்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வலது பக்கக் கீழ் மூலையில் பிளாஸ்டிக்குக்கு அடியில் கடுகளவு ஒரு காற்றுக்குமிழி. அவள் கட்டைவிரல் எப்போதும் அந்த மூலையில்தான் போய் நிற்கும், அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன், ஆனால் கவனித்ததில்லை. மூன்று மாதமாக அவள் தேடிக் கண்டுபிடித்தது அந்தக் குமிழியை.

இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. 1971இல் அமெரிக்க உளவியலாளர் லோவாஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். வெளிச்சம், சத்தம், தொடுதல் மூன்றையும் ஒன்றாகக் கொடுத்து, அதற்கு ஒரு செயலைச் செய்யும்படி பிள்ளைகளைப் பழக்கினார்கள், பிறகு மூன்றையும் பிரித்து ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குறைபாடு எதுவும் இல்லாத பிள்ளைகள் மூன்றுக்குமே பதில் காட்டினார்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் ஏதோ ஒன்றுக்கு மட்டும் காட்டினார்கள். அந்த ஒன்று எது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். நாம் காட்ட நினைத்தது ஸ்பூனாக இருக்கலாம், பிள்ளை பிடித்துக்கொண்டது வெல்க்ரோ துண்டின் அளவாக இருக்கலாம், ஸ்பூன் எப்போதும் இடது பக்கம் இருக்கிறது என்பதாகவும் இருக்கலாம். உங்கள் பெண் பெட்டிக்குள் எதைப் பிடித்துக்கொண்டு பொருத்துகிறாள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள், கண்ணை மட்டும் பார்க்காதீர்கள், விரலையும் பாருங்கள்.

சரி, செய்வது என்ன? 20 சாமான்களுக்கு ஆளுக்கொரு அட்டை என்று செய்வதைவிட ஒரே ஸ்பூனுக்கு ஐந்து வடிவம் சேருங்கள். எஃகு ஸ்பூன் ஒன்று, பிளாஸ்டிக் ஒன்று, நீளக் காம்பு வைத்தது ஒன்று, ஒரு புகைப்படம், ஒரு கோட்டுப் படம். வைக்கும் இடத்தைத் தினமும் மாற்றுங்கள், மேசையில் ஒருநாள், தரையில் ஒருநாள், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருநாள். ஸ்டோக்ஸ், பேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஓரிடத்தில் கற்றதைப் பிள்ளை வேறிடத்திலும் செய்யும் என்று எதிர்பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கற்றுக்கொடுத்துவிட்டு நம்பிக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள், அந்த மாற்றத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்றார்கள். பெட்டியைச் செய்யும்போதே அது பெட்டியை விட்டு எப்படி வெளியே வரப்போகிறது என்பதையும் யோசித்துவிடுங்கள்.

கரடி பொம்மைகளை எடுத்துவிடுங்கள். இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். 14 வயதுப் பையனுக்கு மூன்று வயதுக் குழந்தையின் சாமானைக் கொடுத்து எண்ணச் சொல்வது அவனுக்கு மரியாதை இல்லை, அது அவனுக்குத் தெரியவும் செய்யும், வாயால் சொல்ல முடியாமல் இருக்கலாம். எண்ணுவதற்கு நட்டும் போல்ட்டும் போதும், ஐந்து போல்ட்டில் ஐந்து நட்டை முடுக்கினால் எண்ணிக்கையும் ஆயிற்று, விரலுக்கும் பலம். காலுறைகளை ஜோடி சேர்ப்பது, காகிதத்தை மடித்து உறையில் போடுவது, அளவு பார்த்து மூடியைப் பொருத்துவது, இதெல்லாம் நாளைக்கு வீட்டிலும் செய்யக்கூடிய வேலை. ஆனால் எதையும் வாயில் வைக்கும் பிள்ளை இருந்தால் நட்டு போல்ட்டெல்லாம் அந்த மேசைப் பக்கமே போகக் கூடாது.

பெட்டிகளை எப்படி வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக எரிக் ஷாப்ளர் என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த டீச் (TEACCH) முறையில், ஒரு பிள்ளை வேலைக்கு உட்கார்ந்ததும் நாலு விஷயம் யாரும் வாய் திறக்காமலே அதற்குத் தெரிய வேண்டும்: என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், அதற்கு அப்புறம் என்ன. இடது பக்கம் மூன்று பெட்டி, வலது பக்கம் 'முடிந்தது' கூடை, அதற்கு மேல் அடுத்து வரப்போவதன் படம், ஊஞ்சலோ பந்தோ. கூடை இல்லாமல் வேலை மட்டும் கொடுத்தால், ஒரு பெட்டியை முடித்ததும் நாம் இன்னொன்றை எடுத்து வைப்போம், அதையும் முடித்தால் மூன்றாவது. நன்றாகச் செய்கிற பிள்ளைக்குத்தான் வேலை தீரவே தீராது. உங்கள் பையன் எறிவதில் இதற்கும் பங்கு இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

சுவர் அலங்காரத்தை விட்டுவிடுங்கள். 2014இல் ஃபிஷர் என்ற ஆய்வாளரின் குழு 24 சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தது, சுவர் நிறையப் படங்கள் ஒட்டிய அறையில் பாடம் கேட்டபோது கவனம் அதிகமாகச் சிதறியது, கற்றதும் குறைந்தது. அவர்கள் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள், நம் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். வேலை செய்யும் மேசைக்கு எதிர்ச்சுவர் வெறுமையாக இருந்தால் நல்லது. லேமினேஷன் பற்றியும் ஒரு வார்த்தை: ஓரத்தில் கொஞ்சம் விளிம்பு விட்டு வெட்டுங்கள், காகிதத்தை ஒட்டி வெட்டினால் ஒரே வாரத்தில் பிரிந்துவிடும். மூலைகளை வட்டமாக்குங்கள். பளபளப்புத் தாள் விளக்கொளியில் கூசும், பார்வை குறைந்த பிள்ளை இருந்தால் மங்கலான தாள் வாங்குங்கள்.

விடுமுறையில் உண்மையாகவே நேரம் செலவழிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதற்குக் கத்திரிக்கோல் வேண்டாம். புதிதாக வரும் பிள்ளைகளின் பெற்றோரோடு பேசுங்கள். மருத்துவ அறிக்கை எப்படியும் கோப்பில் வந்துவிடும், நீங்கள் வேறு கேளுங்கள். தூங்கும்போது கையில் எதைப் பிடித்திருப்பான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், தண்ணீர் வேண்டுமென்றால் உங்களிடம் எப்படிக் காட்டுவான், கோபம் வரப்போகிறது என்று உங்களுக்கு எதை வைத்துத் தெரியும். ஒரு தாய் என்னிடம், "அவன் இடது காதைத் தேய்க்க ஆரம்பித்தால் இரண்டு நிமிஷம்தான்" என்றார். அந்த ஒரு வரி அந்த ஆண்டு என் வகுப்பைக் காப்பாற்றியது, நான் வெட்டி ஒட்டிய எதுவும் அந்த அளவுக்கு உதவவில்லை. பெற்றோருக்கும், தன் பிள்ளையைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார் என்பது சாதாரண விஷயமில்லை.

லீவை வீணாக்குகிறாய் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 1900ஐ ஒட்டி ரோம் நகரில் மரியா மாண்டிசோரி அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளோடுதான் வேலையைத் தொடங்கினார். அவருக்கு முன்பே இட்டார், செகுயின் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்து எழுதிவைத்ததை அவர் இத்தாலிய மொழியில் தன் கைப்பட எழுதி எழுதிப் படித்தார். அந்தப் பிள்ளைகளிடம் கற்றதைத்தான் 1907இல் மற்றக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். இன்று உலகெங்கும் மாண்டிசோரி வகுப்புகளில் குழந்தைகள் கையில் இருக்கும் மர உருளைகளுக்கும் சொரசொர எழுத்துகளுக்கும் வேர் உங்கள் வகுப்பைப் போன்ற ஒரு வகுப்பில் இருக்கிறது. நீங்கள் தரையில் உட்கார்ந்து வெட்டுவது அந்த வரிசையில் வருகிற வேலை. அதற்காக விடுமுறை முழுவதையும் கொடுக்காதீர்கள், இரண்டு வாரம் போதும், மீதி நாட்களில் நன்றாகத் தூங்குங்கள்.

கடைசியாக அந்தப் பையன். 60 விலங்குப் படம் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் 'வேண்டாம்' என்று ஒரு அட்டை இருக்கிறதா? 'போதும்', 'இன்னும்', 'உதவி', 'வலிக்கிறது'? பேச்சு வராத ஒரு பிள்ளைக்கு ஒட்டகச்சிவிங்கியின் படம் ஒரு நாளில் எத்தனை முறை தேவைப்படும்? என் ஊகம், எறிவதுதான் இப்போது அவனுடைய 'வேண்டாம்'. அது வேலை செய்கிறது, எறிந்தால் பெட்டி போய்விடுகிறது, அப்படியிருக்க அவன் ஏன் விட வேண்டும்? இந்தக் கோடையில் ஒரே ஒரு பொருளை மட்டும் முழுதாக முடியுங்கள் என்றால் அது அந்த அட்டைதான். உள்ளங்கை அகலம், கெட்டியாக, ஒரே மாதிரி நாலு பிரதி. ஒன்று அவன் மேசையில், ஒன்று உங்கள் கழுத்துப் பட்டையில், ஒன்று அவன் வீட்டுக்கு, ஒன்று பிய்ந்தால் மாற்றுவதற்கு.

பெட்டியை நோக்கி அவன் கை போகிற அந்த நொடியில், எறிவதற்கு முன்னால், அட்டையை எடுத்து உங்கள் கையில் வைக்க உதவ வேண்டும். இன்னொரு பெரியவர் அவன் பின்னால் நின்று கையைப் பிடித்து உதவினால் நல்லது, நீங்கள் எதிரில் கையை நீட்டிக்கொண்டு மட்டும் இருங்கள். வைத்ததும் "வேண்டாமா, சரி" என்று சொல்லிப் பெட்டியை உடனே எடுத்துவிடுங்கள். இன்னும் ஒன்றே ஒன்று முடித்துவிட்டுப் போ என்று சொல்லாதீர்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி பக்கத்தில் நின்றாலும் எடுங்கள். முதல் சில வாரம் அவன் நாள் முழுக்க அந்த அட்டையை மட்டுமே கொடுப்பான், ஒரு வேலையும் நடக்காது, கொடுக்கட்டும். அட்டை செல்லும் என்று அவன் நம்பிய பிறகு ஒரு துண்டு, அப்புறம் 'வேண்டாம்', மறுவாரம் இரண்டு துண்டு, அப்புறம் 'வேண்டாம்' என்று போகலாம்.

அட்டை அவன் கையிலிருந்து முதல் தடவை தானாக வந்த நாளில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா