விரலுக்கு ஓய்வு கொடுக்கும் வால்வு: கேள்வி பதில்

குரல்வளையை எடுத்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதில் ஆறு ஆண்டுகளாக, மூச்சு விடும் கழுத்துத் துளையை விரலால் மூடாமல் பேசி வருகிறேன். மும்பை மாட்டுங்காவில் வாசம். நான் மருத்துவன் அல்லன், பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

செம்பூர் மகள் ஒருவர்: மாமா, அப்பா இப்போது விரலால் மூடித்தான் பேசுகிறார். கைபடாத வால்வுக்கு மாறினால் உள்ளே இருப்பதையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம் அம்மா. இவை இரண்டும் வேறு வேறு. மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுச்சுவரில் இருப்பது குரல் வால்வு. அமெரிக்காவில் சிங்கரும் ப்ளோமும் 1980-இல் எழுதி வெளியிட்ட முறை அது. கைபடாத வால்வு வெளியே, கழுத்தில் ஒட்டிய தட்டின்மேல் அமர்வது. அதற்குள் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. சும்மா மூச்சு விடும்போது அது திறந்தே கிடக்கும். பேசுவதற்காகச் சற்று அழுத்தி மூச்சை விட்டால் மூடிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத காற்று குரல் வால்வு வழியே உணவுக்குழலுக்குள் ஏறும். அங்கே சதை அதிர்ந்து குரலாகும். அப்பாவின் விரல் செய்யும் வேலையைத்தான் சவ்வு செய்கிறது. சவ்வில் மெல்லியதும் உண்டு, வலுத்ததும் உண்டு. மிக மெல்லியதைப் போட்டால் மாடிப்படி ஏறும்போதே மூடிக்கொண்டு திணறடிக்கும். எனவே பேச்சுப் பயிற்சியாளர் முன்னிலையில் தேர்ந்தெடுங்கள். தூங்கும்முன் கழற்றிவிட வேண்டும் என்பதை அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

முலுண்டு: பெங்களூரில் ஐம்பது ரூபாய்க்கு வால்வு கண்டுபிடித்தார்களாமே, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?

டாக்டர் விஷால் ராவ் குழுவினரின் ‘ஓம்’ கருவியைச் சொல்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அது உள்ளே வைக்கும் குரல் வால்வு. முதல் பதிலைப் படியுங்கள்.

சயான்: ஒட்டுத்தட்டு இரண்டு மணி நேரம்கூட நிற்பதில்லை. வால்வு சரியில்லையா?

பாவம், வால்வு என்ன செய்யும்! பத்தில் ஒன்பது புகார் ஒட்டைப் பற்றியதுதான். ஜூன் பிறந்தால் இந்த ஊர்க் காற்றே ஈரத்துணி. தோலைக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். தேங்காய் எண்ணெய், பவுடர் கிட்டவே வரக்கூடாது. தட்டை உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சூடாக்கி, விளிம்பெல்லாம் அழுத்தி ஒட்டுங்கள். உடனே பேச ஆரம்பிக்காதீர்கள். நான் அரை மணி நேரம் மௌன விரதம் இருப்பேன். பிறகு தாழ்ந்த குரலில் பேசுங்கள். காய்கறிக்காரரிடம் கத்தினால் ஒட்டு பிய்ந்துவிடும். இருமல் வருகிறது என்று தெரிந்தால் வால்வைக் கழற்றிவிட்டு இருமுங்கள். கதிர்வீச்சு பெற்ற தோல் சிவந்தால் ஒட்டுவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

வடாலா: டீ குடித்தால் இருமல் வருகிறது. கைபடாத வால்வை மாற்றட்டுமா?

உள் வால்வு கசிகிறது. பூஞ்சை பிடித்திருக்கலாம். மருத்துவமனைக்குப் போங்கள்.

மாட்டுங்கா, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: கடவுள் விரல் கொடுத்திருக்க, வால்வு எதற்கு? காசுக்குப் பிடித்த கேடு.

இதற்கு நான் வாய் திறக்கும் முன்பே தாராவித் தையல்காரர் ஒருவர் எழுதிவிட்டார்: “ஐயா, அளவுநாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு எவ்வளவு என்று எந்தக் கையால் மூடிச் சொல்வது?” நான் தையல்காரர் பக்கம். ஆறு மணி லோக்கலில் ஒரு கையில் கம்பி, மறு கையில் பை. தாதரில் இறங்க வழிவிடுங்கள் என்று கேட்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஆனால் வங்கிக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. விரலால் மூடித் தெளிவாகப் பேச வராதவருக்கு இந்த வால்வு பயன்படாது. கையில் ஒரு வால்வு இருந்தாலும் விரல் பழக்கத்தை விடாதீர்கள்.

அதே வங்கி அலுவலர்: உணவுக்குழல் பேச்சு பழகினால் வால்வே வேண்டாமே. நான் அப்படித்தான் பேசுகிறேன்.

காற்றை விழுங்கி ஏப்பமாக்கிப் பேசுவது அருமையான வித்தை. உங்களுக்கு என் வணக்கம். மாதக்கணக்கில் உழைத்தும் வராதவர்கள் உண்டு, நானே சாட்சி. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லாதவரை நமக்குள் சண்டையில்லை.

தையல்காரர்: பஞ்சுத் தூசி உள்ளே போகுமா?

ஈரமும் சூடும் காக்கும் வடிகட்டியை வால்வோடு சேர்த்தே போடுங்கள். தினமும் புதிது. அதைக் கழுவக்கூடாது, வால்வைத்தான் கழுவ வேண்டும். இரவில் கழற்றிக் கழுவினால் இரண்டு வேலையும் முடிந்தது.

காட்கோபர்: காபி குடித்தால் இருமல்...

வடாலா.

டோம்பிவிலி: இரவில் மகன் துபாயிலிருந்து அழைப்பான். வால்வோடு படுத்துக்கொள்ளலாமா?

கூடாது, கூடாது! மூன்றாம் முறையாகச் சொல்கிறேன். தூக்கத்தில் சவ்வு மூடிக்கொண்டால் மூச்சுக்கு வேறு வழி கிடையாது. இரவு வடிகட்டியை மாட்டிப் படுங்கள். மகன் அழைத்தால் விரலால் மூடிப் பேசுங்கள்; வங்கிக்காரரும் மகிழ்வார்.