முன்னோட்டத்தில் வராத ஆட்டம், சந்தா கட்டினாலும் வராது

கேள்வி: அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் டெ மொய்ன் நகரில் இருக்கிறோம். வீட்டில் டிஷ் வைத்து சாட்டிலைட் டிவி பார்க்கிறோம். பத்து வயது மகனுக்கு பேஸ்பால் என்றால் உயிர், அதிலும் சிகாகோ கப்ஸ் அணி. மார்ச் கடைசி வார இறுதியில், நாங்கள் சந்தா கட்டாத, மேஜர் லீக் பேஸ்பால் (எம்.எல்.பி.) ஆட்டங்களைக் காட்டும் 'எம்.எல்.பி. எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்' சேனல்கள் தாமாகவே திறந்தன. இலவச முன்னோட்டம் என்று திரையில் வந்தது. இரண்டு நாளும் பார்த்தோம். இதற்கு பில் வருமா? கப்ஸ் ஆட்டம் மட்டும் கறுப்புத் திரையாக இருந்தது. முழு சீசனுக்கும் பணம் கட்டினால் அது தெரியுமா? (ஒரு வாசகி)

பதில்: பார்த்ததற்கு பில் வராது. கட்டினாலும் கப்ஸ் ஆட்டம் அந்தச் சேனல்களில் தெரியாது. இரண்டாவது பதில் உங்கள் மகனுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி.

சாட்டிலைட் டிவியில் உங்கள் வீட்டுக்கென்று தனியாகச் சேனல் எதுவும் வருவதில்லை. வானத்திலிருந்து கிட்டத்தட்ட எல்லாச் சேனல்களும், நீங்கள் பணம் கட்டாதவை உட்பட, எல்லார் டிஷ்ஷிலும் பூட்டிய நிலையில் விழுந்துகொண்டே இருக்கின்றன. எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக்கூடாது என்பதை உங்கள் செட்டாப் பாக்ஸ் முடிவு செய்கிறது. அதற்கான அனுமதியும் வானம் வழியாகவே வருகிறது. முன்னோட்டம் என்றால், இத்தனை நாள்வரை எல்லாப் பெட்டிகளும் இந்தச் சேனல்களைத் திறக்கலாம் என்று நிறுவனம் பொதுவாக ஒரு அனுமதி கொடுக்கிறது. கெடு முடிந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும். நீங்கள் எதுவும் கேட்கவில்லை, எதையும் அழுத்தவில்லை. அதனால் பில்லில் ஏற எதுவுமில்லை.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். முன்னோட்டம் ஓடும் நாட்களில், 'சீசன் முழுக்கப் பார்க்க ஓகே அழுத்துங்கள்' என்கிற மாதிரி ஒரு பக்கம் திரையில் வரலாம். அதை அழுத்தினால் அது முன்னோட்டம் அல்ல, ஆர்டர். ரிமோட் குழந்தை கையில் இருக்கிறது என்பதால், செட்டிங்கில் போய் வாங்குவதற்கு ஒரு ரகசிய எண் வைத்துவிடுங்கள். அட்டை எண்ணைக் கொடுத்து ஆரம்பிக்கும் 'ஃப்ரீ ட்ரையல்' வேறு சமாச்சாரம். அதை நாம் நிறுத்தாவிட்டால் பணம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, கப்ஸ் விஷயத்துக்கு வருவோம். அந்தச் சேனல்களில் இரண்டு பூட்டு இருக்கிறது. ஒன்று பணத்துக்கான பூட்டு. மற்றொன்று ஊருக்கான பூட்டு. இதைத்தான் பிளாக்அவுட் என்கிறார்கள். முன்னோட்டம் திறப்பது முதல் பூட்டை மட்டும். சந்தா திறப்பதும் அதை மட்டும்தான். இரண்டாவது பூட்டு உங்கள் கணக்கில் பதிவாகியுள்ள முகவரியின் ஜிப் கோடை (நம்மூர் பின்கோடு மாதிரி) பார்த்து விழுகிறது. எவ்வளவு பணம் கட்டினாலும் அது அசையாது.

எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் என்பது வெளியூர் அணிகளின் ஆட்டங்களைக் காட்டும் தொகுப்பு. உள்ளூர் அணியின் ஆட்டத்தைக் காட்டும் உரிமை அந்தந்த வட்டார விளையாட்டுச் சேனலுக்குப் போய்விடுகிறது. அயோவாவில் மேஜர் லீக் அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் கப்ஸ், வைட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ப்ரூவர்ஸ், ட்வின்ஸ் என்று சுற்றியுள்ள ஆறு அணிகளும் அந்த மாநிலத்தைத் தங்கள் உள்ளூர் எல்லை என்று வைத்திருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து கப்ஸ் மைதானத்துக்குக் காரில் ஐந்து மணி நேரம் ஆகும். ஆனாலும் கணக்கில் நீங்கள் உள்ளூர்க்காரர். இது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம். அயோவா ரசிகர்கள் பல வருடங்களாக இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதில் எவ்வளவு இழப்பு என்று பாருங்கள். லீக்கில் 30 அணிகள். எல்லாரும் ஆடும் ஒரு நாளில் 15 ஆட்டம். இந்த ஆறு அணிகளும் தங்களுக்குள் ஆடினால் 3 ஆட்டம் உங்களுக்குக் கறுப்பு. ஆளுக்கொரு வெளி அணியோடு ஆடினால் 6 ஆட்டம் கறுப்பு. வெள்ளிக்கிழமை இரவில் ஆப்பிள் நிறுவனம் 2022 முதல் தனக்கென்று வாங்கிக் காட்டும் ஆட்டங்களும் இந்தத் தொகுப்பில் கிடைக்காது. அது எந்த ஊரானாலும் அப்படித்தான். நாடு முழுவதற்கும் ஒரே ஒரு சேனல் மட்டும் காட்டும் ஆட்டத்துக்கு, அந்தச் சேனலில் ஊர்ப் பூட்டு கிடையாது. 2022 ஆகஸ்டில் அயோவாவின் டயர்ஸ்வில்லில், சோளக்காட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் கப்ஸ், ரெட்ஸ் அணியை வென்றதே, அது ஃபாக்ஸில் போனதால் அயோவாக்காரர்களும் வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது.

அப்படியானால் கப்ஸை எங்கே பார்ப்பது? 2020-இல் தொடங்கிய மார்க்கீ ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க்தான் கப்ஸின் வட்டாரச் சேனல். பெரும்பாலான ஆட்டங்கள் அதில்தான். உங்கள் தொகுப்பில் அது ஏற்கெனவே இருக்கக்கூடும். சேனல் பட்டியலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், உங்கள் ஜிப் கோடைச் சொல்லி, 'மார்க்கீ எந்தத் தொகுப்பில் வருகிறது, வட்டார விளையாட்டுக் கட்டணம் எவ்வளவு கூடும்' என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். தொகுப்பு விலையை மட்டும் கேட்டால் அந்தக் கட்டணத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், அது பில்லில் தனி வரியாக வந்து நிற்கும். எல்லா சாட்டிலைட் நிறுவனங்களும் எல்லா வட்டாரச் சேனல்களையும் எடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எம்.எல்.பி. டிவி என்ற இணையச் சந்தாவுக்குப் போகலாமா என்று தோன்றும். அங்கும் அதே ஊர்ப் பூட்டு. ஆனால் பூட்டிய ஆட்டத்தை, அது முடிந்து சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து முழுதாகப் பார்க்கலாம். மகன் காலையில் எழுந்து, யாரும் ஸ்கோர் சொல்வதற்குள் பார்ப்பான் என்றால் அது நல்ல வழி. லீக்கின் வானொலி வர்ணனைக்கு ஊர்ப் பூட்டே கிடையாது.

எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாட்ஜர்ஸ், யாங்கீஸ், மெட்ஸ் என்று தூரத்து அணிகளைப் பிடித்தவருக்கு அது அருமையான தொகுப்பு. வாங்குவதானால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்: அடுத்த சீசனுக்குத் தானாகப் புதுப்பித்துவிடுவீர்களா, நிறுத்த எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும்? சீசன் தொகுப்புகள் பெரும்பாலும் ஆண்டுதோறும் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும். முதல் ஆட்டம் ஆரம்பித்த பிறகு பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம்.

என்.பி.ஏ. கூடைப்பந்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் இதே மாதிரி வெளியூர்த் தொகுப்புகள் உண்டு. அவற்றின் முன்னோட்டம் பெரும்பாலும் அக்டோபரில், சீசன் தொடங்கும்போது வரும். அப்போது மகனை ஒரு தாளும் பேனாவுமாக உட்கார வையுங்கள். அன்றைய ஆட்டங்களில் அவன் பார்க்க விரும்புபவை எவை, அவற்றில் எத்தனை திறந்தன என்று எழுதட்டும். முன்னோட்டத்தில் திறக்காதது பணம் கட்டினாலும் திறக்காது என்பதால், அந்தத் தாளை வைத்தே சந்தாவை முடிவு செய்துவிடலாம்.