8 எப்படி 2048 ஆனது?

கேள்வி: ஐயா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லினக்ஸ் நிரல் கோப்புகளின் உள்ளே இருப்பதைக் காட்டும் சிறு கருவி ஒன்றை சி மொழியில் எழுதியிருக்கிறேன். கட்டளை வரியில் ஓடுவது. என் மடிக்கணினியின் கோப்புகளைச் சரியாகப் படிக்கிறது. பழைய ரவுட்டரின் கோப்பைக் கொடுத்தால் செயலியின் எண் 2048 என்கிறது. இதே வேலையைச் செய்யும் ‘ரீட்எல்ஃப்’ என்ற கருவி ஏற்கெனவே இருக்கும்போது உனக்கு எதற்கு இந்த வேலை என்று நண்பர்கள் வேறு கேட்கிறார்கள்.
— ஈசூன் மாணவர்

பதில்: தம்பி, கோப்பின் தொடக்கத்திலிருந்து 18 பைட் தள்ளி இருக்கும் இரண்டு பைட்டுகளை அப்படியே பாருங்கள். 00, 08 என்றிருக்கும். பெரிய பைட் முதலில் என்று வாசித்தால் 8. அது மிப்ஸ் என்ற செயலி வகையின் எண். சிறியது முதலில் என்று வாசித்தால் 2048. எப்படி வாசிப்பது என்று கோப்பே சொல்கிறது. முதல் நான்கு பைட்டுகள் இது எல்ஃப் கோப்பு, அதாவது லினக்ஸ் நிரல் கோப்புகளின் வடிவம், என்பதற்கான அடையாளம். ஐந்தாவது, 32 பிட்டா 64 பிட்டா என்று சொல்லும். ஆறாவதில் 1 இருந்தால் சிறியது முதலில், 2 இருந்தால் பெரியது முதலில். பல எண்களை ஒன்றாக அடுக்கி வைக்கும் சி மொழியின் ஸ்ட்ரக்டைக் கோப்பின் மேல் அப்படியே போர்த்தியிருப்பீர்கள். உங்கள் மடிக்கணினி தன் வழக்கப்படி சிறியது முதலில் என்று வாசித்துவிட்டது. அதை விட்டுவிட்டு, ஒவ்வோர் எண்ணையும் ஆறாவது பைட் சொல்லும் வரிசையில் பைட் பைட்டாகச் சேர்த்துக் கட்டுங்கள்.

ரீட்எல்ஃப் ‘மிப்ஸ்’ என்று காட்டிவிட்டுப் போயிருக்கும். பைட் வரிசை என்ற ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்காது. நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடப்படுவதற்கு முன் அங்கே நானும் ஒரு ரவுட்டர் வாங்கினேன். அதிலிருந்த ஒரு நிரலை என் கருவி ‘பழுதான கோப்பு’ என்றது. ரவுட்டரிலோ அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று இரவுகள் தேடினேன். கோப்பின் பகுதிகளைப் பட்டியலிடும் செக்‌ஷன் அட்டவணையையே நீக்கியிருந்தார்கள். நிரலை நினைவகத்தில் ஏற்றும் கெர்னலுக்கு அந்த அட்டவணை தேவையில்லை, எதை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் புரோகிராம் ஹெடர்கள் போதும். செக்‌ஷன்கள் நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கருக்கும் பிழைதிருத்திக்கும்தான். ஆகவே அட்டவணை இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு மேலே செல்லுங்கள். பழுது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஆனால் கோப்பு சொல்லும் எந்த இடத்துக்கும் அளவுக்கும் போவதற்கு முன், கோப்பின் நீளத்துக்குள் அது அடங்குகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். அடங்காவிட்டால் பிழைச் செய்தியைப் பிழை வெளியீட்டில் (stderr) எழுதி, தோல்வியைக் குறிக்கும் பூஜ்யமல்லாத முடிவு எண்ணுடன் நிரலை முடியுங்கள். இன்றைக்கே அந்த ரவுட்டர் கோப்பை 40 பைட்டோடு நறுக்கி உங்கள் கருவிக்குக் கொடுத்துப் பாருங்கள். 32 பிட் கோப்பின் தலைப்புக்கு மட்டுமே 52 பைட்டுகள் வேண்டும்.