ஆமை முட்டையும் மணல் சூடும்: கேள்வி பதில் (கேட்டவரின் ஊர்ப் பெயரோடு)

மணக்குடி: அக்கா, பங்குனி ஆமை என்ற கடல் ஆமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணல் சூடுதான் முடிவு செய்யுமாமே?

ஆமாம் தம்பி. நமக்குக் கரு உருவாகும்போதே குரோமோசோம் முடிவு செய்துவிடுகிறது. கடல் ஆமைக்கு அப்படி இல்லை. முட்டை 50 நாள் போல மணலுக்குள் கிடக்கும். அதில் நடுவில் வரும் நாட்களின் சூடுதான் கணக்கு. 29 டிகிரியை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து பொரியும். கூடினால் பெண், குறைந்தால் ஆண். சூடு கூடும்போது அரோமட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிவிடும், அதனால் கருவில் பெண்ணுக்குரிய சூலகம் வளரும்.

பேச்சிப்பாறை: பாம்பு, முதலைக்கும் இதேதானா?

பாம்புக்குக் குரோமோசோம்தான். சதுப்பு முதலைக்குச் சூடுதான், ஆனால் கணக்கு வேறு. 31 டிகிரி வரை பெண் மட்டும், 32.5-ஐ ஒட்டி ஆண், அதையும் தாண்டினால் மறுபடி பெண் கலந்து வரும்.

மணவாளக்குறிச்சி: எங்கள் ஊர் கருமணலில் மத்தியானம் கால் வைக்க முடியாது. அப்போ எல்லாம் பெண் குஞ்சுதானா?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். இல்மனைட் என்ற கருப்புத் தாது கலந்த கருமணல் வெளிர் மணலைவிட வெயிலை அதிகம் இழுக்கும், உண்மைதான். ஆனால் காலைச் சுடுவது மேல்மணல். முட்டை கிடப்பது ஒன்றரை அடி ஆழத்தில். அங்கே பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மழை பெய்தால் குளிரும், கரு வளர வளர முட்டைகளே கொஞ்சம் சூடு விடும். அதனால் அந்த ஆழத்தில் தெர்மாமீட்டர் புதைத்து, சீசன் முழுக்க அளந்து பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது. கருமணலிலும் வெள்ளை மணலிலும் சேர்த்து அளந்தால் இன்னும் நல்லது. நம் கல்லூரிப் பிள்ளைகள் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

தேங்காய்ப்பட்டணம்: பெண் கூடினால் ஆமை பெருகும்தானே?

ஓரளவுக்குச் சரி. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். ஆனால் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் வடபகுதியில், இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. அவை வளர்ந்து வரும்போது ஜோடிக்கு ஆண் எங்கே? அதோடு, 35 டிகிரி தாண்டிச் சூடு நீடித்தால் கருவே பிழைக்காது.

ராஜாக்கமங்கலம்: அப்போ முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்க வைக்கும் பொரிப்பகத்துக்குப் பந்தல் போடலாமா?

போடலாம், முழுக்க மூட வேண்டாம். பாதிக்குத் தென்னங்கீற்று நிழல், பாதி வெயில் என்று விட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடம் இருக்கும். ஒன்று மட்டும் கண்டிப்பு: முட்டையை நீங்களாகத் தோண்டி எடுக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். இட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் மாற்ற வேண்டும். தாமதமாகிப் புரண்டுவிட்டால் உள்ளே கரு செத்துவிடும்.